எலும்பைப் பிடித்தால் நோய் போகுமா?



பேய், பிசாசு, மந்திரம், தாயத்து, வேப்பிலை என்பவைகளையெல்லாம் புரட்டென்று தெரிந்து கைவிட்ட நம் ஜனங்களில் சிலர், அதே சரக்கு வேறொரு பெயரில், வேறொரு தேசத்து முத்திரையோடு வந்து நின்றால் மாத்திரம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளுகின்றார்கள். "இது சாமியார் சொன்னதல்ல, சீமையில் படித்தவர் சொன்னது" என்பதே அவர்களுக்குப் போதிய சமாதானமாகிவிடுகின்றது. உள்ளூர்ப் பூசாரியை நம்புவது மூடத்தனமென்றால், வெளியூர்ப் பூசாரியை நம்புவது மாத்திரம் எப்படி அறிவுடைமையாகும் என்று கேட்கின்றோம்.

இப்படிக் கேட்க வேண்டிய விஷயங்களில் ஒன்று ஆஸ்டியோபதி என்னும் வைத்தியம். எலும்பையும் மூட்டையும் தசையையும் கையால் பிடித்தும் அழுத்தியும் அசைத்தும் நோயைத் தீர்ப்பதாகச் சொல்லுவது இது. மேல்நாடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகளும், பிறந்து சில நாட்களே ஆன பச்சைக் குழந்தைகளும் ஏராளமாக இந்த வைத்தியர்களிடம் கொண்டுபோகப்படுகின்றார்கள். முதுகுவலிக்கும், சுகப்பிரசவத்துக்கும், குழந்தை ஓயாமல் அழுவதற்கும், பால் குடியாததற்கும் இது நல்லதென்று விளம்பரமும் செய்யப்படுகின்றது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நம்பிக்கை என்பதைப் பிரித்துப் பார்ப்பதே நமது நோக்கம். ஏனென்றால் பெரியவர்கள் தங்கள் உடம்பின்மீது எந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்துகொண்டாலும் அது அவர்கள் பாடு. வாய் திறந்து வேண்டாமென்று சொல்ல முடியாத சிசுவின் தலையில் கை வைக்கிறவனை "என்ன ஆதாரம்?" என்று கேட்க வேண்டியது நம் கடமையாகும்.

மருந்தை விட்டார், மதத்தை விடவில்லை

இந்த வைத்தியத்தை உண்டாக்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் அமெரிக்கர். 1828-இல் பிறந்தவர், கிறிஸ்தவ மதப் பிரசாரகர் ஒருவருடைய மகன். 1864-இல் மூளைச்சவ்வுக் காய்ச்சலில் இவருடைய வீட்டில் மூன்று குழந்தைகள் இறந்துபோயின. அந்தக் காலத்து டாக்டர்களுடைய கையிருப்பு என்னவென்றால் இரத்தத்தைக் கீறி இறக்குவது, பாதரசம் கலந்த மருந்தைக் கொடுத்துப் பேதியாக்குவது, அபினி, சாராயம் ஆகியவைகளே. நோயில் பிழைத்தவன் மருந்தில் செத்த காலம் அது. ஆகவே, "இந்த மருந்துகளால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று ஸ்டில் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வியே ஆகும். பழக்கத்தை எதிர்த்துக் கேள்வி கேட்ட எவரையும் நாம் மதிக்கின்றோம்.

ஆனால் கேள்வி கேட்டவர் பதில் சொல்லுகிறபோது என்ன செய்தார்? உடம்பு என்பது கடவுள் செய்த குறையில்லாத யந்திரம் என்றும், அதற்கு வேண்டிய மருந்தை அவர் அதற்குள்ளேயே வைத்திருக்கின்றார் என்றும், எலும்பு இடம் பிசகி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதே நோய்களுக்குக் காரணமென்றும், எலும்பைச் சரிப்படுத்தினால் போதுமென்றும் சொல்லிவிட்டார். சில காலம் தம்மைக் ‘காந்த வைத்தியர்’ என்றுகூட விளம்பரப்படுத்திக்கொண்டார். 1874-இல் தமது கொள்கையை வெளியிட்டு, 1892-இல் மிசௌரி மாகாணத்துக் கிர்க்ஸ்வில் என்னும் ஊரில் ஒரு பள்ளிக்கூடமும் ஏற்படுத்தினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பத்திலிருந்தே பெண்களையும் சேர்த்துக்கொண்டார் என்பதை அவருக்குரிய பெருமையாகவே சொல்லவேண்டும். ஆயினும் கொள்கை என்னவோ பழைய சாஸ்திரத்துக்குப் பதிலாகப் புதிய சாஸ்திரமாகத்தான் முடிந்தது. உடம்பு குறையில்லாத யந்திரமென்றால், பிரசவமென்னும் சாதாரணக் காரியத்தில் இத்தனை தாய்மார்கள் ஏன் சாகவேண்டும்? செய்தவருடைய யோக்கியதை அவ்வளவுதானா?

எண்ணிப் பார்த்த ஒருவர்

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றைக் கவனியுங்கள். ஸ்டில் தம் கொள்கையை வெளியிடுவதற்குச் சுமார் 27 வருஷங்களுக்கு முன், வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி தேசத்து டாக்டர் வேலை பார்த்தார். அங்கே பிரசவ வார்டுகள் இரண்டு. ஒன்றில் டாக்டர்களும் மாணாக்கர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-இல் டாக்டர்கள் பார்த்த வார்டில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் பிரசவ ஜுரத்தில் மாண்டார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 3,754-க்கு 105 பேரே மாண்டார்கள். படித்தவன் கைபட்ட இடத்தில் சாவு அதிகம். படியாதவள் கைபட்ட இடத்தில் சாவு குறைவு! டாக்டர்கள் வார்டு வேண்டாமென்று ஏழைப் பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம்.

காரணம் என்ன? ஒருவர் கெட்ட காற்று என்றார். ஒருவர் நெரிசல் என்றார். சாகிறவர்களுக்கு மந்திரம் சொல்லப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு வார்டு வழியாகப் போவதால் பயந்து சாகின்றார்கள் என்றும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. செம்மல்வைஸ் அதையும் விடவில்லை. பாதிரியாரை மணியில்லாமல் சுற்றுவழியாகப் போகச் செய்து பார்த்தார். சாவு குறையவில்லை. மணிக்கு நன்மை செய்யவும் சக்தியில்லை, தீமை செய்யவும் சக்தியில்லை என்பது அதோடு முடிந்தது. கடைசியில், பிணத்தை அறுத்த கையோடு வந்து டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதே காரணமென்று கண்டு, 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் எல்லோரும் கை கழுவவேண்டுமென்று உத்தரவு போட்டார். 1848-இல் அதே வார்டில் 3,556 பிரசவங்களுக்கு 45 பேர்தான் இறந்தார்கள். நூற்றுக்குப் பதினொன்றாக இருந்த சாவு நூற்றுக்கு ஒன்றாகிவிட்டது.

இவ்வளவு கண்டும் பெரிய டாக்டர்கள் இவரைப் பரிகசித்தார்கள். தங்கள் கையால் தாய்மார்கள் செத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுடைய கௌரவம் இடங்கொடுக்கவில்லை. பட்டம் பெற்றவனிடத்திலும் பூசாரித்தனம் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாம் சொல்ல வந்தது என்னவென்றால், ஸ்டில்லும் பழைய வைத்தியத்தை எதிர்த்தவர், செம்மல்வைஸும் எதிர்த்தவர். ஒருவர் நம்பினார், மற்றொருவர் எண்ணினார். செம்மல்வைஸின் மேல்நாட்டுப் பட்டத்துக்காக நாம் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் காட்டிய கணக்குக்காகவே ஏற்றுக்கொள்ளுகின்றோம். ஆஸ்டியோபதியையும் இந்தத் தராசிலேயே நிறுக்கவேண்டும்.

ஒரே பெயர், இரண்டு சரக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். அமெரிக்காவில் ஸ்டில்லுக்குப் பின் வந்தவர்கள் அவர் சொன்னதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. மருந்து, ஊசி, ரண சிகிச்சை, பிரசவ சிகிச்சை எல்லாவற்றையும் தங்கள் கல்லூரிகளில் சேர்த்துக்கொண்டார்கள். 1962-இல் கலிபோர்னியா மாகாணத்தில் சுமார் 2,000 ஆஸ்டியோபதி டாக்டர்களுக்கு 65 டாலர் கட்டணத்தில் எம்.டி. பட்டமே கொடுக்கப்பட்டது. 1966-இல் இராணுவத்தில் மற்ற டாக்டர்களோடு சமமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். 2020 முதல் இரு பட்டத்தாருக்கும் ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒரே ஏற்பாட்டின்கீழ் நடக்கின்றது. ஆகையால் அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு டாக்டர். அவர் பிரசவம் பார்க்கலாம், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கலாம், பச்சைக் குழந்தைக்குச் சிகிச்சையும் செய்யலாம். ஸ்தாபகர் வார்த்தையைவிட ஆராய்ச்சியை மேலாக வைத்ததால் வந்த மரியாதை இது. எந்த மதமாவது தன் வேதத்தை இப்படித் திருத்திக்கொண்டதுண்டா?

ஆனால் இங்கிலாந்து, பிரான்சு முதலிய தேசங்களில் ஆஸ்டியோபதி என்பது பெரும்பாலும் கையால் பிடித்துவிடும் வைத்தியம் மாத்திரமே. அங்குள்ளவர்களில் அநேகர் டாக்டர்களல்லர். ஆகவே பலகையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து ஏமாறாமல், "நீர் எந்த வகை?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது முதல் காரியம்.

தாய்க்கு என்ன பலன்?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பெண்களுக்கு முதுகு, இடுப்பு வலி உண்டாவது சகஜம். இதற்கு ஆஸ்டியோபதி உதவுமா என்று அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 400 கர்ப்பிணிகளை வைத்துப் பரீட்சை செய்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான கர்ப்ப கவனிப்பு மாத்திரமும், ஒரு கூட்டத்துக்கு அதோடு ஆஸ்டியோபதியும், மூன்றாவது கூட்டத்துக்கு ஆஸ்டியோபதிக்குப் பதிலாக வேலை செய்யாத ஒலிக்கருவியை முதுகில் வைத்து வைத்தியம்போல் பாவனையும் செய்தார்கள். வழக்கமான கவனிப்பு மாத்திரம் பெற்றவர்களைவிட ஆஸ்டியோபதி பெற்றவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆனால் பாவனை வைத்தியம் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதன் பொருளை நன்றாக யோசியுங்கள். ஒரு கர்ப்பிணியைப் படுக்கவைத்து, அவள் வலியைக் கேட்டு, சிறிது நேரம் அவளை ஒரு மனுஷியாகக் கவனித்தால் வலி குறைகின்றது. எலும்பு இடம் பிசகியிருந்ததாகவோ, அதைப் பிடித்து ஓட்டத்தைத் திறந்துவிட்டதாகவோ சொல்லும் கதை அதற்கு வேண்டியதில்லை. கவனிப்புக்குப் பலன் உண்டு. கொள்கைக்குப் பலன் இருப்பதாக இந்தப் பரீட்சை காட்டவில்லை.

குழந்தையின் தலையும் மீனின் செவுளும்

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசமானது. ஸ்டில்லின் பள்ளிக்கூடத்தில் படித்த சதர்லாந்து என்பவர் மண்டையோட்டின் பக்கத்து எலும்புகளைப் பார்த்தார். அவற்றின் விளிம்பு மீனின் செவுள்போல் சரிந்திருக்கின்றதென்றும், ஆகவே அவை மூச்சு விடுவதுபோல் அசையவேண்டுமென்றும் அவருக்குத் தோன்றிற்று. தோன்றியதைக் கொள்கையாக்கி 1939-இல் புத்தகமும் வெளியிட்டார். மண்டைக்குள் ஒரு தாளம் ஓடுகின்றதாம். தேர்ந்த விரல்களுக்கு அது தெரியுமாம். பிரசவத்தில் நசுங்கிய தலையை மெல்லப் பிடித்து அந்தத் தாளத்தைச் சரிப்படுத்தினால் குழந்தையின் அழுகையும் வாந்தியும் தீருமாம். ஆனால் ஒரே தலையை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியாகத் தொட்டுக் கணக்குச் சொன்னபோது இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. பக்தனுக்கு மாத்திரம் தெரியும் ஜோதிக்கும், தேர்ந்த விரலுக்கு மாத்திரம் தெரியும் தாளத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஓயாமல் அழும் குழந்தைகளுக்குக் கைவைத்தியம் செய்த ஆறு பரீட்சைகளை, மொத்தம் 325 குழந்தைகள், 2012-இல் சேர்த்து ஆராய்ந்தார்கள். குழந்தைக்கு வைத்தியம் நடந்ததா இல்லையா என்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தபோது அழுகை குறைந்ததாகக் கணக்கு வந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் செய்த பரீட்சைகளை மாத்திரம் எடுத்தால் நம்பத்தக்க பலன் நிற்கவில்லை. பால் குடிப்பது சம்பந்தமாகப் பிரான்சில் 128 தாய்-சேய்களை வைத்து நடந்த பரீட்சை 2021-இல் வெளியாயிற்று. திரைக்குப் பின்னால் சிலருக்கு வைத்தியமும் சிலருக்குப் பாவனையும் செய்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், தாய்ப்பால் மாத்திரம் குடிக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வைத்தியத்தால் அதிகப்படவில்லை.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். இத்தாலியில் குறைமாதத்தில் பிறந்த 695 குழந்தைகளை வைத்து, ஆஸ்டியோபதியைச் சேர்ந்தவர்களே முன்னின்று நடத்திய பரீட்சையில், ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டிய நாட்கள் சுமார் நான்கு குறைந்தனவென்று 2015-இல் எழுதினார்கள். அந்த வைத்தியத்தில் அக்கறையில்லாதவர்களும் வேறு இடங்களில் இதைச் செய்துபார்த்து ஒரே முடிவு காணட்டும். அப்போது ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. அதுவரையில் பிரெஞ்சு சர்க்கார் 2007-இல் செய்த ஏற்பாடே புத்தியானது. டாக்டரல்லாத ஆஸ்டியோபதி வைத்தியர், தடையில்லையென்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலொழிய, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பு ஆகியவைகளைப் பிடிக்கக்கூடாதென்பது அந்தச் சட்டம்.

நம் வீட்டுக் கதை

இதைப் படித்துவிட்டு "வெள்ளைக்காரன் மூடத்தனத்தைப் பார்த்தீர்களா?" என்று நாம் சிரிப்பதற்கு யோக்கியதை இல்லை. நம் கிராமங்களில் குழந்தை அழுதால் "உரம் விழுந்துவிட்டது" என்று சொல்லிப் புடவையில் போட்டு உருட்டுவது என்ன? உச்சிக்குழி பதிந்துவிட்டதென்று எண்ணெய் வைத்து அமுக்குவது என்ன? தலையை உருண்டையாக்குவதாகச் சொல்லித் தேய்ப்பதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் என்ன? உச்சிக்குழி பதிவது பேதியிலும் வாந்தியிலும் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிப்போனதற்கு அடையாளம். அப்போது வேண்டியது தாய்ப்பாலும், உப்பு சர்க்கரைக் கரைசலும், டாக்டருமே தவிர எண்ணெயல்ல. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் மார்புச்சளி ஜுரம் வரும். சதர்லாந்து செய்ததும் நம் பாட்டி செய்வதும் ஒன்றே. அவருக்குக் கட்டணம். பாட்டிக்கு வெற்றிலை பாக்கு. அவ்வளவுதான் பேதம்.

"ஆனால் எங்கள் குழந்தைக்கு அழுகை நின்றதே!" என்பார்கள். நிற்கத்தான் செய்யும். காரணமின்றி அழும் அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே தணிந்துவிடும். கடைசியாகக் கை வைத்தவன் புகழை வாங்கிக்கொள்ளுகின்றான். மழை வரும் சமயம் பார்த்து வருண ஜபம் செய்கிற புரோகிதனுடைய தந்திரமும் இதுதானே?

"பலனில்லாவிட்டாலும் கெடுதல் என்ன?" என்றும் கேட்பார்கள். கெடுதல் காலதாமதத்தில் இருக்கின்றது. பச்சைக் குழந்தைக்கு ஜுரம் கண்டாலும், உடம்பு சில்லிட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், வேகமாக மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பூத்தாலும் அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். உரம் எடுக்கிறவரிடமும், எலும்பு பிடிக்கிறவரிடமும் போய் ஒருநாள் கழித்தால் சில குழந்தைகளுக்கு மறுநாள் என்பதே இருப்பதில்லை.

தொடுவது குற்றமல்ல

கையால் தொடுவதெல்லாம் புரட்டு என்பது நம் அபிப்பிராயமல்ல. 1978-இல் தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் பெட்டிகள் போதாமையால், எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையை ஆரம்பித்தார்கள். இதற்குக் கங்காரு முறை என்று பெயர். இந்தியா உள்ளிட்ட ஐந்து தேசங்களில் 3,211 குழந்தைகளை வைத்துப் பரீட்சை செய்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்த உடனே தாயோடு அணைத்துவைத்த குழந்தைகளில் 28 நாளைக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. உடல்நிலை தேறும்வரை காத்திருந்து பிறகு அணைத்தவற்றில் இறந்தவை சுமார் 16. இதுவும் தொடும் வைத்தியம்தான். இதற்குத் தாளமும் செவுளும் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. எண்ணிப் பார்த்து நின்றது, ஆகவே ஏற்றுக்கொள்ளுகின்றோம்.

கடைசியாக ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. பெண்கள் ஏன் உரம் எடுக்கிறவளிடமும் கை வைத்தியனிடமும் போகின்றார்கள்? "பிள்ளை பெறுவதென்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று புருஷனும் மாமியாரும் சொல்லுகின்றார்கள். ஆஸ்பத்திரியிலோ இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து அடுத்தவளைக் கூப்பிடுகின்றார்கள். அவள் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவன் அந்தப் புரட்டு வைத்தியன் ஒருவனே. டெக்ஸாஸ் பரீட்சையின் உண்மையான படிப்பினை இதுதான். கர்ப்பிணிக்கு ஓய்வு கொடுங்கள். அவள் இடுப்பில் சுமத்திய குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்மார்களுக்குப் பதில் சொல்ல நேரமுள்ள நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் அதிகமாக நியமிக்கும்படி சர்க்காரைக் கேளுங்கள். பெண்ணின் வலிக்கு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மரியாதை கிடைத்தால் புரட்டு வைத்தியனுடைய கடையில் பாதி தானே மூடிப்போகும்.

மீதிப் பாதியை மூடுவதற்கு மூன்று கேள்விகள் போதும். நீர் டாக்டரா, அல்லவா? இதைப் பாவனை வைத்தியத்தோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்திருக்கின்றார்களா? எந்த அடையாளம் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்? இவைகளுக்கு நேரான பதில் சொல்லாதவர், அவர் சீமையில் படித்தவரானாலும் சரி, பரம்பரை வைத்தியரானாலும் சரி, அவர் கையில் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.